இரவல் கோடாரி

மேடான், சுமத்ரா தீவு
28.9.1987

அன்புள்ள செல்வி அக்காவுக்கு நவுஷாத் எழுதிக்கொள்வது.

கவலைப்பட வேண்டாம், நான் முழுசாக இருக்கிறேன். மூக்குத் தோல் மட்டும் வெயிலில் உரிந்துவிட்டது. முதுகில் தொங்கும் மூட்டையைப் பார்த்து இங்கே பிள்ளைகள் "துவான், துவான்" என்று பின்னாலேயே வருகிறார்கள். ஐயா என்று அர்த்தமாம். கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் ஆணி நிறுத்துக் கொடுத்தவனுக்கு வந்த மரியாதையைப் பாருங்கள்.

இதையெல்லாம் நான் அன்புவுக்குத்தான் எழுத வேண்டும். வனக்காவலர் வேலைக்கு எப்போது கூப்பிடுவார்கள், பயிற்சிக்கு எங்கே அனுப்புவார்கள் என்று அவனுக்கே தெரியவில்லை. "எதுவா இருந்தாலும் எங்க அக்காவுக்கு எழுதுடா. அது படிச்சி எனக்கும் சொல்லும், ஊருக்கும் சொல்லும்" என்றான். ஆகவே ஊருக்கே சொல்லுங்கள்.

நான் கிளம்பிய அன்று நடந்ததை அவன் சொல்லியிருப்பான். வேலையிலும் படிப்பிலும் தனி ஒதுக்கீடு கேட்டு உங்கள் ஜனங்கள் சாலையை மறிக்கப்போவதாக ஒரு மாதமாகச் சுவரெல்லாம் எழுதியிருந்தது. விடிவதற்குள் உளுந்தூர்பேட்டையைத் தாண்டிவிடலாம் என்று மனக்கணக்குப் போட்டவன் நான். தியாகதுருகம் தாண்டியதும் ஒரு புளியமரம் சாலையின் குறுக்கே கிடந்தது. என்னை வழியனுப்ப உளுந்தூர்பேட்டை வரை வருவதாகக் காரில் ஏறியிருந்த அன்பு இறங்கிப் போய், "என் சிநேகிதன் பிளேன் ஏறணும்பா, உட்டுடுங்க" என்று கெஞ்சினான். "நாங்க தலமுற தலமுறையா நின்னுக்கினு கீறோம், உன் சிநேகிதன் ஒரு வாரம் நின்னா இன்னா?" என்றார் ஒரு பெரியவர்.

கடைசியில் உங்கள் கொழுந்தனார் தங்கமணி அண்ணன்தான் இரங்கினார். "மரத்த நாங்க எடுக்க மாட்டோம். நீ வேணா நுனிக் கிளையத் தரிச்சிட்டு ஓரமா வண்டிய எறக்கிக்கினு போ" என்று தன் கோடாரியை நீட்டினார். அன்பு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெட்டினான். கார் பள்ளத்தில் இறங்கி ஏறியது. "நான் கோடாரியக் குடுத்துட்டு நடந்தே வூட்டுக்குப் போய்க்கிறேன். நீ ஓடு" என்றான். தங்கமணி அண்ணனுக்கு என் நன்றியைத் தவறாமல் சொல்லுங்கள். அவர் கோடாரி இல்லாவிட்டால் நான் இங்கே இல்லை.

இரண்டு நாள் காட்டுக்குள் இருந்தேன். வீடுகளில் கட்டிப்போட்டு வளர்த்த மனிதக் குரங்குகளை மீட்டு, மறுபடி காட்டில் பழக்குகிற இடம் அது. செம்பட்டை முடி, தொங்கும் கன்னம். ஒன்று என் எதிரில் உட்கார்ந்து வாழைப்பழத்தை உரித்துத் தின்றுவிட்டு, தோலை என்னிடமே நீட்டியது. அன்பு இருந்திருந்தால் அதனோடு சம்பந்தமே பேசியிருப்பான். அங்கே காவலர்களுக்குக் காக்கிச் சட்டை, தொப்பி எல்லாம் உண்டு. நம்மவனுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று பார்த்துக்கொண்டேயிருந்தேன்.

அடுத்தது எரிமலை. அக்டோபர் கடைசி வரை மேடான் தபால் நிலையத்துக்கு எழுதலாம். பிறகு பதாங், அதன் பிறகு ஜாவாவில் ஜோக்ஜகார்த்தா. நான் கொடுத்துவிட்டு வந்த சீட்டில் மூன்று விலாசமும் இருக்கிறது.

அன்புத் தம்பி,
நவுஷாத்

*

கள்ளக்குறிச்சி
2.10.1987

தம்பி நவுஷாத்துக்குச் செல்வி அக்கா எழுதுவது.

நீ போய்ச் சேர்ந்தாயா இல்லையா என்றுகூடத் தெரியாமல் எழுதுகிறேன். ஒரு வாரம் பஸ் இல்லை, தபால் இல்லை. துப்பாக்கிச் சூட்டில் பல ஊர்களில் ஆட்கள் செத்துப்போனார்கள். நான் வேலை பார்க்கும் பால்வாடிக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. இப்போதுதான் தெருவில் ஆம்பிளைகள் தலை தெரிகிறது.

அன்புவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நீ போன அதே காலையில். கடலூர் ஜெயிலில் இருக்கிறான்.

உன் கார் மறைந்து கொஞ்ச நேரத்தில் போலீஸ் வண்டி வந்திருக்கிறது. மரத்தைச் சாய்த்த அத்தனை பேரும் கரும்புத் தோட்டத்துக்குள் ஓடிவிட்டார்கள். இவன் மட்டும் கோடாரியைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுத்த ஆளைத் தேடி நின்றிருக்கிறான். கையும் களவுமாக என்பார்களே, அது இதுதான். அப்பா நைனார்பாளையத்திலிருந்து கடலூர் போய்ப் பார்த்து, "போட்டுட்டு ஓட வேண்டியதுதானடா" என்று அழுதிருக்கிறார். "இரவல் வாங்கன இரும்ப நடுரோட்டுல போட்டுட்டு வரச் சொல்றியாப்பா?" என்று இவன் கேட்டானாம். எங்கள் அப்பா வளர்த்த வளர்ப்பு அப்படி. பக்கத்து வீட்டில் அரிவாள் வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுக்காமல் எங்களைச் சாப்பிட விடமாட்டார். அதை நினைத்து இப்போது அவரே தலையில் அடித்துக்கொள்கிறார்.

யாருடைய கோடாரி என்று போலீசும் கேட்டாயிற்று, வக்கீலும் கேட்டாயிற்று. வாயைத் திறக்கமாட்டேன் என்கிறான்.

போன திங்கட்கிழமை அவன் வேலை உத்தரவு வந்தது. வெள்ளிமலையில் வனக்காவலர். நவம்பர் பதினாறாம் தேதிக்குள் சேர வேண்டும், தவறினால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். மரம் வெட்டிய வழக்கில் உள்ளே இருக்கிறவனுக்கு மரத்தைக் காக்கிற வேலை! சிரிப்பதா அழுவதா, நீயே சொல். எங்கள் வீட்டில் முதல் அரசாங்க உத்தியோகம் இது. அதற்காக அவன் எத்தனை வருஷம் வேலைவாய்ப்பு அலுவலக வாசலில் நின்றான் என்பது உனக்குத் தெரியும், கூடவே நின்றவன் நீ.

வக்கீல் பொன்னுரங்கம் ஒரு வழி சொல்கிறார். குற்றப்பத்திரிகை போடுவதற்குள், இவன் வழியை மறிக்கவில்லை, வழியைத் திறந்தான் என்று சாட்சி சொல்ல ஆள் வேண்டும். அப்படிச் சொன்னால் வழக்கிலிருந்து பெயரை எடுக்க வைக்கலாமாம். கார் டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்: "என் வண்டியப் புடிச்சி வெச்சிக்கினா எம் புள்ளைங்க சோத்துக்கு இன்னாங்க பண்ணும்?" மிச்சம் இருப்பது நீ ஒருவன்தான்.

வந்துவிடு தம்பி. மலை எங்கேயும் போகாது.

செந்தமிழ்ச்செல்வி

*

கள்ளக்குறிச்சி
16.10.1987

தம்பி நவுஷாத்,

நான் மேடானுக்கு எழுதியது உனக்குக் கிடைத்ததோ இல்லையோ. நீ அங்கிருந்து கிளம்பியிருப்பாய் என்று இதைப் பதாங்குக்கு எழுதுகிறேன். உன் முதல் கடிதம் முந்தாநாள் வந்தது. குரங்கு பழத்தோலை நீட்டியதைப் படித்துச் சிரித்துக்கொண்டே வந்தவள், தங்கமணி பெயரைப் படித்ததும் கடிதத்தை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன். அடுப்படியில் என் மாமியார் உட்கார்ந்திருந்தார்.

எனக்குத் தெரியாது, நவுஷாத். என் வீட்டுக் கோடாரி என்று எனக்குத் தெரியாது. தங்கமணி அன்று ராத்திரியே கல்வராயன் மலைக்கு ஓடிவிட்டான். அங்கே தெரிந்தவர் வீட்டில் கடுக்காய் பொறுக்கிக்கொண்டு கிடக்கிறானாம். மறியலுக்குப் போன எல்லோரும்தான் ஓடினார்கள், இவனும் ஓடினான் என்று நினைத்தேன். அன்பு யாருக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறான் என்பது இப்போதுதான் புரிகிறது. எனக்காக. நான் வாழ வந்த வீடு இது.

தங்கமணி பெண்டாட்டி விஜயலட்சுமிக்கு இது நிறைமாசம். மரத்தைச் சாய்த்த கூட்டத்துக்கு அவன்தான் தலைவன் என்று ஏற்கெனவே யாரோ சொல்லியிருக்கிறார்கள். கோடாரியும் அவனுடையது என்று எழுத்தில் வந்துவிட்டால், பிடித்த பிறகு என்ன செய்வார்களோ. இந்த மாதம் நாங்கள் கேட்டதெல்லாம் அப்படி.

ஆகவே நீ வந்தால் அன்பு கிளையை வெட்டி வழிவிட்டதை மட்டும் சொல். கோடாரி கூட்டத்தில் யாரோ கொடுத்தது, முகம் நினைவில்லை என்று சொல். பொய் சொல்லச் சொல்கிறேன் என்று எனக்குத் தெரிகிறது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், இங்கே இரண்டும் என் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கின்றன. உன் வாயில் அந்தப் பெயர் வரக் கூடாது.

தீபாவளி நெருங்குகிறது. இந்த வருஷம் இந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறாது.

செல்வி

*

மேடான்
21.10.1987

அன்புள்ள அக்கா,

உங்கள் இரண்டாம் தேதிக் கடிதம் நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. எரிமலை மேலிருந்து இறங்கி, சந்தோஷமாகத் தபால் நிலையத்துக்குப் போனேன். படித்துவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாள் அவன் ஜெயிலில் இருக்க, நான் வெந்நீர் ஊற்றில் காலை நனைத்துக்கொண்டு "அன்புவும் வந்திருக்கலாமே" என்று ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உடனே நம் நாட்டுத் தூதரக அலுவலகத்துக்கு ஓடினேன். இந்த ஊரில் இருப்பது என் அதிர்ஷ்டம். அங்கே தமிழ் தெரிந்தவர் ஒருவர், முறையாகப் பிரமாணப் பத்திரம் எழுதி, அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம் என்று சொன்னார். ராத்திரி முழுக்க உட்கார்ந்து நானே எழுதினேன். மொட்டையாக எழுதினால் கோர்ட்டில் நிற்காது என்று ஒன்று விடாமல் எழுதியிருக்கிறேன். எந்த இடம், எந்த மரம், அன்பு யாரிடம் கெஞ்சினான், கோடாரியை எடுத்துக் கொடுத்தவர் யார், தகப்பனார் பெயர், உங்களுக்கு என்ன உறவு, எல்லாம். கோடாரி அன்புவுடையது இல்லை என்பது நிரூபணமானால் வழக்கே உடைந்துபோகும், பாருங்கள். முத்திரை குத்திப் பதிவுத் தபாலில் உங்கள் பெயருக்கு அனுப்பிவிட்டேன்.

நேரில் வர வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். வந்திருப்பேன் அக்கா. ஆனால் என் டிக்கெட் ஜனவரியில் சிங்கப்பூரிலிருந்து. மாற்ற முடியுமா என்று, அதை எடுத்துக் கொடுத்த என் மாமாவைக் கேட்க வேண்டும். அதற்குள் பத்திரமே போய்ச் சேர்ந்துவிடும். ஆளைவிடத் தாளுக்குப் பலம் அதிகம் என்று அந்தத் தமிழரும் சொன்னார். நான் வந்து புதிதாக என்ன சொல்லிவிடப்போகிறேன்? நாளைப் பஸ்ஸில் பதாங் கிளம்புகிறேன். மனசில்லாமல்தான் போகிறேன்.

எரிமலை பற்றி எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது. அன்பு கேட்பான் என்பதற்காக: இருட்டிலேயே ஏறி, விடியும்போது வாயோரம் போய் நின்றோம். பாறை இடுக்கில் மஞ்சள் மஞ்சளாகக் கந்தகம், அதிலிருந்து புகை சீறுகிறது. தீபாவளி முடிந்த தெருவில் வரும் நாற்றம். காலுக்கடியில் தரை சுடுகிறது. அவன் விடுதலையானதும் படித்துக் காட்டுங்கள்.

நவுஷாத்

*

பதாங்
6.11.1987

அக்கா,

உங்கள் பதினாறாம் தேதிக் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. தபால் நிலையத்திலிருந்தே எழுதுகிறேன்.

பத்திரம் போய்விட்டது. தங்கமணி அண்ணன் பெயர் அதில் மூன்று இடத்தில் இருக்கிறது. திருப்பி வாங்க வழியில்லை என்று இங்கே கையை விரித்துவிட்டார்கள். பெயர் இல்லாமல் புதிதாக எழுதி அனுப்பலாம் என்றால், இங்கே தூதரக அலுவலகம் இல்லை, மேடானுக்கே திரும்பிப் போக வேண்டும். போய் அனுப்பினாலும் பதினாறாம் தேதிக்குள் வந்து சேராது. முன்னதைப் பொய் என்று சொல்லி இன்னொன்று கொடுத்தால் இரண்டும் நிற்குமா என்றும் தெரியவில்லை.

தந்தி கொடுத்திருக்கிறேன். இங்கிலீஷில் நாலே வார்த்தை. இந்நேரம் உங்களுக்கு வந்திருக்கும். பத்திரத்தைக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம் என்று. வேறு என்ன எழுத முடியும் அக்கா? அன்புவைக் காப்பாற்றுங்கள் என்று எழுதினால் தங்கமணி அண்ணன் குடும்பம். வேண்டாம் என்று எழுதினால் அன்பு. நான் யார் முடிவு சொல்ல?

இரண்டு தெரு தள்ளிக் கடல். அந்தப் பக்கம் போகவில்லை.

நவுஷாத்

*

கள்ளக்குறிச்சி
29.11.1987

நவுஷாத்,

பத்திரம் அனுப்பியதாக நீ எழுதிய கடிதம் வந்த அன்றே தந்தியும் வந்தது. உன் விருப்பம், உன் விருப்பம் என்று தபால்காரர் இரண்டு முறை தமிழில் சொல்லிவிட்டு, "நல்ல சேதிங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மறுநாளே மலைக்கு ஏறினேன். வீட்டில் பால்வாடி மீட்டிங் என்று சொன்னேன். வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கேட்டுக் கேட்டு நடந்து தங்கமணியைக் கண்டுபிடித்தேன். தாடி வளர்ந்து, பாதி ஆளாகியிருந்தான். நீயாகவே வந்து நின்றுவிட்டால் இரண்டு பேருக்கும் நல்லது, வக்கீல் கூடவே இருப்பார் என்று சொன்னேன். என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அண்ணி, திங்கக்கெழம நானே வந்து நிக்கிறேன். எனக்காக அவன் இன்னாத்துக்குக் கெடக்கணும்?" என்றான். நம்பித்தான் இறங்கினேன். ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை காலையிலிருந்து கோர்ட் வாசலில் நின்றேன், வரவில்லை. அவனையும் திட்ட முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் விஜயலட்சுமிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது, யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

உன் பத்திரம் அதற்கு மறுநாள் வந்தது. முத்திரையெல்லாம் அழகாகக் குத்தியிருந்தாய். படிக்கப் படிக்க, நீ அந்தச் சாலையில் நின்று பேசுவது போலவே இருந்தது. என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து என் கையிலேயே வைத்தார். "அவன் உன் தம்பி. இவன் என் தம்பி. நீ இன்னா பண்ணாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கழனிக்குப் போய்விட்டார். கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். நீயும் என் விருப்பம் என்றாய், அவரும் என் விருப்பம் என்றார். எல்லோரும் என்னிடமே விட்டுவிட்டுப் போனீர்கள்.

வக்கீல் வீட்டு வாசல் வரை போனேன். உள்ளே அப்பா உட்கார்ந்திருந்தார். நான் வந்ததை யாரும் பார்க்கவில்லை. திரும்பிவிட்டேன்.

நான் அதைக் கொடுக்கவில்லை, நவுஷாத். அடுப்பில் வைத்துவிட்டேன்.

நான் ஏன் உன்னை வரச் சொன்னேன் என்று உனக்குப் புரிந்ததா? நீ வந்திருந்தால் பஸ் ஸ்டாண்டிலேயே வழிமறித்து, அந்தப் பெயரை மட்டும் விட்டுவிடு என்று உன் காலில் விழுந்திருப்பேன். நீயும் விட்டிருப்பாய். தாளிடம் எப்படிக் கெஞ்சுவது? ஆளைவிடத் தாளுக்குப் பலம் அதிகம் என்று எழுதினாயே, உண்மைதான். அது யார் சொன்னாலும் கேட்காது.

அன்புவுக்கு ஜாமீன் கிடைத்து, பதினெட்டாம் தேதி வெளியே வந்தான். சேர வேண்டிய நாள் இரண்டு நாள் முன்பே போய்விட்டது. இருந்தாலும் உத்தரவை எடுத்துக்கொண்டு வன அலுவலகத்துக்குப் போனான். அங்கே நல்லபடியாகத்தான் பேசியிருக்கிறார்கள். வழக்கு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்களாம். அந்த இடத்துக்கு அடுத்த ஆள் ஏற்கெனவே சேர்ந்துவிட்டான். இப்போது உளுந்தூர்பேட்டையில் லாரிக்கு மூட்டை ஏற்றப் போகிறான். வாரம் ஒருநாள் ஸ்டேஷனில் கையெழுத்து.

வந்த அன்று சாப்பிட்டுக் கை கழுவும்போது கேட்டான்: "நவுஷாத் எதனா எழுதினானாக்கா?" எரிமலை பார்த்ததாக எழுதியிருக்கிறான் என்றேன். படிக்கச் சொன்னான். நீ எழுதியதில் அந்தப் பகுதியை மட்டும் படித்தேன். தரை சுட்டது வரைக்கும் கேட்டான். "எனக்காக ஒண்ணும் பண்ணலியா?" என்றான். நான் கடிதத்தை மடித்தேன். "போவட்டும். அவன் இன்னா பண்ணுவான், அவ்ளோ தூரத்துல கீறான்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான். அதிலிருந்து உன் பேச்சை எடுப்பதில்லை.

இனி நான் கேட்கப்போவதற்கு எனக்கு வாய் இல்லை, ஆனாலும் கேட்கிறேன். நீ பத்திரம் அனுப்பியது அவனுக்குத் தெரிந்தால், அது எங்கே என்று கேட்பான். சொன்னால் அவனுக்கு அக்கா இல்லாமல் போய்விடுவாள். ஜெயிலில் இருந்தபோது அவன் வாயை மூடிக்கொண்டதே இந்த அக்காவுக்காகத்தான், அவளே இப்படிச் செய்தாள் என்று தெரிந்தால் அவனுக்கு மிச்சம் என்ன இருக்கிறது? சிநேகிதன் மறந்துவிட்டான் என்பதை அவன் தாங்கிக்கொள்வான். தாங்கிக்கொண்டுதான் இருக்கிறான்.

உன்னால் முடியுமா, தம்பி?

செல்வி

*

ஜோக்ஜகார்த்தா
19.12.1987

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பெண் குழந்தைக்கு என்ன பெயர் வைத்தார்கள்?

ஜாவாவில் எந்த மலையும் ஏறவில்லை. ஜனவரி பத்தாம் தேதிக்கு மேல் ஊருக்கு வருவேன். பஸ் ஸ்டாண்டுக்கு அன்புவை அனுப்ப வேண்டாம். வந்ததும் நானே உளுந்தூர்பேட்டை போய் அவனைப் பார்க்கிறேன். அடித்தால் வாங்கிக்கொள்கிறேன். பேசாமல் இருந்தால்தான் எனக்கு என்ன செய்வதென்று தெரியாது.

அவன் கேட்டால் இப்படித்தான் சொல்வேன்: நான் எதையும் அனுப்பவில்லை.

நவுஷாத்